மிகையான ஒத்துழைப்பு

கூமாப்பட்டி மேலத்தெருவில் காய்ச்சல், பேதி, பிரசவம் ஆகியவற்றுக்குப் போவது ஆஸ்பத்திரி. மெடிக்கல் அதில் சேராது. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஆள் எடுக்கும்போது டவுசரோடு வரிசையில் நிறுத்தி, நெஞ்சை அளந்து, பல்லை எண்ணி, முட்டி ரெண்டும் உரசுகிறதா என்று குனிந்து பார்ப்பார்களே, அதற்குத்தான் மெடிக்கல் என்று பேர். தெருவில் நாற்பத்தோரு வீடு. பட்டாளத்தில் இருபத்தாறு பேர், போலீசில் ஒன்பது பேர். டாக்டர் என்பவர் நம்மிடம் ஏதாவது குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள், அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வருவதே மனிதனின் கடமை என்பது அந்தத் தெருவின் வைத்திய சாஸ்திரம்.

சாஸ்திரத்துக்குத் தலைமைப் பண்டிதர் சுபேதார் தங்கச்சாமி. பட்டாளத்தை விட்டு வரும்போது அவர் ஹவில்தார்தான். சுபேதார் பதவியை வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டு டீக்கடை பிற்பாடு வழங்கியது. அவர் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. விடிகாலையில் தெருப் பையன்களைக் கண்மாய்க்கரையில் ஓடவிடுவார். சாயங்காலம் தன் வீட்டு முன்னறையில் உட்கார வைத்து, சுவரில் தொங்கும் கண் அட்டையை மனப்பாடம் செய்ய வைப்பார். ஏதோ ஒரு முகாமில் கழித்துக்கட்டிய அட்டை அது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்து, கடைசி வரியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எட்டு எழுத்து. தொண்டையை ஒரு தடவை செருமுவார். உடனே பையன்கள் வாய்ப்பாடு சொல்கிற ராகத்தில் ஆரம்பிப்பார்கள்: "ஈ. எஃப், பி. டி, ஓ, இஸட். எல், பி, ஈ, டி..."

"கண்ணு நல்லா இருக்கவனுக்கு எதுக்கு மனப்பாடம்?" என்று ஒரு நாள் தபால்காரர் கேட்டார்.

"துப்பாக்கி நல்லா இருந்தாலும் தினம் தொடைக்கத்தான் செய்யணும்" என்றார் தங்கச்சாமி. தபால்காரர் அதற்குப் பிறகு தபாலை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கச்சாமியின் மகள் வெள்ளத்தாய்க்கு அந்த அட்டை ஐந்து வயதிலேயே பாடம். பையன்கள் அதைப் பார்த்துப் படித்தார்கள். அவள் அடுப்படியில் இருந்தபடி கேட்டுப் படித்தாள். பார்த்துப் படிக்க அவளுக்குக் கண் ஒத்துழைக்கவில்லை. அவளுக்கு உலகம் என்பது நனைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு விஷயம். முகத்துக்கு ஒரு சாண் கிட்டத்தில் வந்தால் எழுத்து எழுத்தாக இருக்கும். அதைத் தாண்டினால் கோடு, அதையும் தாண்டினால் புகை. அவளுக்கு எட்டு வயதானபோது பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் டாக்டர் ஒருவர், நரம்புக் கோளாறு, பிறவியிலேயே வந்தது, கண்ணாடி போட்டுப் பிரயோஜனமில்லை என்று சொல்லி அனுப்பினார். தங்கச்சாமி அந்தச் செய்தியில் தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். "கண்ணாடியே வேண்டாம்னுட்டார் டாக்டர்" என்று தெருவெல்லாம் சொன்னார். கேட்டவர்களும் சந்தோஷப்பட்டார்கள்.

இப்போது 1992. வெள்ளத்தாய் ராஜபாளையத்தில் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம். கூமாப்பட்டியிலிருந்து வத்திராயிருப்பு, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து ராஜபாளையம் என்று மூன்று பஸ். பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாததால் இன்ஜின் சத்தத்தை வைத்து ஏறுவாள். எதிரே வருகிற சொந்தக்காரர்களைத் தெரியாமல் கடந்துபோவாள். படிக்கப் போன திமிர் என்று பேர் வாங்கினாள். வகுப்பில் கேட்டதெல்லாம் அட்டை மாதிரியே அப்படியே மனசில் நிற்கும். பரீட்சைதான் சிக்கல். கேள்வித்தாளைப் படித்து முடிக்கவே நாற்பது நிமிஷம். மூக்கில் விடைத்தாளின் மை ஒட்டும் அளவுக்குக் குனிந்து எழுதி, மூன்றாவது கேள்வியில் இருக்கும்போது மணி அடித்துவிடும். போன ஏப்ரலில் ஐந்து பேப்பரில் மூன்று போயிற்று.

"இந்த ஏப்ரல்லயும் அரியர் வந்தா படிச்சது போதும்" என்று தங்கச்சாமி அறிவித்துவிட்டார். அவர் அறிவிப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

வழி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவர் வரலாற்றுத் துறையில் இருந்த ஜெயபாய் மிஸ். வெள்ளத்தாயின் விடைத்தாளையும் அவள் வகுப்பில் வாயால் சொல்கிற பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ரெண்டும் ஒரே மண்டையிலிருந்து வந்தவைதானா என்று சந்தேகப்பட்டவர் அவர். கூப்பிட்டு விசாரித்தார். பிறகு பல்கலைக்கழகத்துச் சுற்றறிக்கை ஒன்றைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்தார்.

"பார்வைக் குறை இருக்கறவங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாத் தர்றாங்க. நீ சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஒரு ஆளும் வெச்சுக்கலாம். மருத்துவக் குழு குடுத்த சான்றிதழ் வேணும், எத்தனை சதவீதம் குறைன்னு போட்டு. நாற்பதுக்கு மேல இருக்கணும். இருபதாம் தேதிக்குள்ள அனுப்பணும்."

"குழு எங்க இருக்கு மிஸ்?"

"பத்தாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர்ல முகாம் போடறாங்க. போய் உள்ளதை உள்ளபடி சொல்லு. வேற எதுவும் பண்ண வேண்டாம்."

வேற எதுவும் பண்ண வேண்டாம் என்பது ஜெயபாய் மிஸ்ஸுக்கு எளிதாக இருந்தது. அவர் மேலத்தெருவில் பிறக்கவில்லை.

மருத்துவக் குழு என்ற சொல்லைக் கேட்டதுமே தங்கச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளுக்கு மெடிக்கல் போர்டு. அந்தத் தெருவில் ஒரு பொம்பளைப் பிள்ளைக்கும் கிடைக்காத கௌரவம். எதற்காக என்று வெள்ளத்தாய் இரண்டு தடவை விளக்கினாள். அவரும் இரண்டு தடவை தலையாட்டினார். பத்தாம் தேதி காலையில் அவளுடைய தாவணி கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. செருப்பு பளபளத்தது. அவர் சட்டைப் பையில் மூன்று மெடல்கள் தொங்கின.

"நிமிந்து நில்லு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தெரியலைங்கிற வார்த்தை மட்டும் வாயில வந்திரக் கூடாது" என்றார் பஸ்ஸில்.

"அதைச் சொல்லத்தானப்பா போறோம்."

"அதெல்லாம் அவிய பாத்துக்குவாக. நம்ம பக்கத்துல கொறை இருக்கக் கூடாது."

அம்மா கருத்தம்மா முந்தின நாளே மகளிடம் தனியாகச் சொல்லியிருந்தாள், "உங்க அப்பாவை வெளிய நிக்கச் சொல்லு" என்று. அந்த யோசனை நிறைவேறுகிற வகையைச் சேர்ந்ததல்ல.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். கீழ்த்தளத்தில் முகூர்த்தம் ஒன்று ஏற்கெனவே புக் ஆகியிருந்ததால், கை கால் வராதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்குமான முகாமை மாடியில் வைத்திருந்தார்கள். இருபத்தெட்டுப் படி. தவழ்ந்து ஏறியவர்கள், தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள், சுவரைத் தடவி வந்தவர்கள் எல்லோரும் ஏறி முடித்து மூச்சு வாங்கியபோது, ஊனமுற்றோர் படவேண்டிய சிரமம் எதுவும் இந்த மாவட்டத்தில் இனி இருக்காது என்று மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு ஒண்ணே கால் மணி நேரம். கீழேயிருந்து நாதஸ்வரம் அவ்வப்போது குறுக்கே வந்து கொஞ்சம் உதவியது.

வரிசையில் வெள்ளத்தாய்க்கு முன்னால் நின்றவன் சுந்தரபாண்டியத்துச் சமுத்திரம். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பவன், இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப்போனவன். விடுதியில் அவனுக்குக் கொடுத்திருந்த அறை மூன்றாவது மாடியில். கீழ் அறை வேண்டுமென்றால் சான்றிதழ் கொண்டுவா என்றிருந்தார்கள். எலும்பு டாக்டர் அவன் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதினார்.

"நாப்பது வேணுமே சார்" என்றான் சமுத்திரம்.

"மாடி ஏறி வந்திருக்கியேப்பா" என்றார் டாக்டர்.

சமுத்திரம் திரும்பி வெள்ளத்தாயிடம் சொன்னான்: "ஏறாம இருந்தா வரலைன்னு எழுதியிருப்பாக. நீ சூதானமா இரு."

கண் பகுதிக்குத் தலைவர் டாக்டர் வைகுண்டராஜ். குழுவுக்கும் அவரே தலைவர். கழுத்தில் போட்ட மாலையை இன்னும் கழற்றவில்லை. குழுவின் சீலை வேறு யாரிடமும் நம்பிக் கொடுக்காமல் வெல்வெட் பெட்டியில் தன் பையிலேயே வைத்திருப்பவர். கையெழுத்துப் போட்டால் பச்சை மைதான். சாப்பாட்டுக்கு முன் நூற்றுப்பன்னிரண்டு பேரைப் பார்த்தாக வேண்டும். அவருக்கு உதவியாக ஒருவர் கையில் குச்சியோடு அட்டைக்குப் பக்கத்தில் நின்றார்.

வெள்ளத்தாயை உட்கார வைத்து இடது கண்ணைப் பொத்தினார்கள். எதிரே வெள்ளையாக ஒரு சதுரம். சதுரத்தின் உச்சியில் ஏதோ கருப்பாக ஓர் அழுக்கு. தெரியலை சார். இந்த ரெண்டு வார்த்தையையும் அவள் மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள்.

"வாசிம்மா" என்றார் குச்சிக்காரர்.

பின்னால் நின்ற தங்கச்சாமி தொண்டையைச் செருமினார்.

வேண்டுமென்று செய்தாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வெள்ளத்தாயின் வாய் திறந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை. பதினான்கு வருஷத்துச் சாயங்காலங்கள் வரிசையாக வந்து நின்று கொண்டன. ஈ. எஃப், பி. டி, ஓ, இஸட். குச்சி இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவள் ஐந்தாவது வரியில் இருந்தாள். குச்சிக்காரர் குச்சியை இறக்கிவிட்டார். எறும்பு வரி எட்டு எழுத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கு என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. வலது கண்ணைப் பொத்தினார்கள். மறுபடியும் ஒரு செருமல்.

வைகுண்டராஜ் நிமிர்ந்து பார்த்தார். விறைப்பான தாவணி. பின்னால் மூன்று மெடல். "கடைசி வரியை இன்னிக்குக் காலையில இருந்து யாரும் படிக்கலை" என்றார் பாராட்டாக. இவ்வளவு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பெண் இங்கே எதற்கு வந்தாள் என்று கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்டால் நூற்றுப்பன்னிரண்டு எப்படி முடியும்? இரு கண்களிலும் பார்வை இயல்பு, குறைபாடு சைபர் சதவீதம் என்று எழுதி, பச்சை மையில் ஒப்பமிட்டு, சீல் குத்தினார்.

வெள்ளத்தாய் "சார், நான்..." என்று ஆரம்பித்தாள். குச்சிக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். தங்கச்சாமி காகிதத்தைக் கையில் வாங்கி, குதிகால்களைச் சேர்த்து ஒரு சல்யூட் வைத்தார்.

ஜெயபாய் மிஸ் மறுநாள் சான்றிதழை இரண்டு தடவை படித்தார்.

"ஏரோப்பிளேன் ஓட்டப் போறியாம்மா?"

வெள்ளத்தாய் நடந்ததைச் சொன்னாள். மிஸ் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்காகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளத்தாயின் கண்ணுக்கு அது எட்டாது என்பதை மறந்துபோனார். திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இதை நான் உள்ளே அனுப்பினா அதோட கதை முடிஞ்சுது. ஒண்ணும் இல்லாம இருந்ததே மேல். இப்ப உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு. அடுத்த முகாம் ஆறு மாசம் கழிச்சு. ஒன்பது நாள் பாக்கி. எழுதின டாக்டரே மாத்தி எழுதினாத்தான் உண்டு."

"மாத்துவாரா மிஸ்?"

"மாத்த மாட்டார்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். ராஜபாளையத்துல சாயங்காலம் தனியா கிளினிக் வெச்சிருக்கார். போய்க் கேளு."

வீட்டுக்கு வந்தால் தெருவே வாசலில் நின்றது. சுபேதார் மகள் போர்டு மெடிக்கலில் இரண்டு கண்ணுக்கும் முழு மார்க் வாங்கிய செய்தி கீழத்தெரு வரை போயிருந்தது. வெள்ளத்தாய் எல்லோரும் போகிற வரைக்கும் பொறுத்துவிட்டு, அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பாஸானதுக்கு அழுத ஒரே ஆளு நீதாம்ட்டி" என்றார் தங்கச்சாமி.

கருத்தம்மா அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளினாள். "அவ பாத்தா சொன்னா? கேட்டுல்ல சொன்னா. அவளுக்குச் சோத்துல கல்லு கெடந்தா கையால தொட்டுத்தான் தெரியும். எனக்குத் தெரியும், அடுப்புக்குத் தெரியும். உங்களுக்குத்தான் அட்டை மறைக்கி."

"டாக்டர் எழுதியாச்சே. நான் என்ன செய்ய முடியும்?"

இங்கேதான் வெள்ளத்தாய் தன் வாழ்நாளில் முதல் தடவையாக அப்பாவின் பலவீனத்தை வேலைக்கு வைத்தாள். "அவர் பெரிய டாக்டராம்ப்பா. சாதாரண ஆளு போனா உள்ளயே விட மாட்டாராம். உங்கள மாதிரி ஒரு ஆபீசர் வந்து பேசினாத்தான் காது குடுத்துக் கேப்பாராம்."

தங்கச்சாமி எழுந்து பெட்டியைத் திறந்தார். "மெடலெல்லாம் எங்கட்டி வச்ச?" என்றார்.

டாக்டர் வைகுண்டராஜின் கிளினிக் வாசலில் ராஜபாளையம் நாய் ஒன்று வெள்ளை வெளேரென்று படுத்திருந்தது. பஸ் ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காது, பிறவியிலேயே செவிடு. அதைத் தெருவே ஒப்புக்கொண்டிருந்தது, யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. உள்ளே சுவர் முழுக்கச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரங்கள். நடுவில் டாக்டர். அவருக்கு எதிரே போய் நின்ற தங்கச்சாமி ஒரு சல்யூட் வைத்தார். டாக்டர் தலையை அரை அங்குலம் அசைத்தார்.

வெள்ளத்தாய்தான் பேசினாள். அன்றைக்குப் படித்ததெல்லாம் மனப்பாடம், கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை, தயவு செய்து மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். நான் ஒரு தடவை கையெழுத்துப் போட்டா போட்டதுதான். அதை அழிச்சு எழுதினதா சரித்திரம் கிடையாது. அதோட, அம்மா, கண் அட்டையை யாரும் மனப்பாடம் பண்ண முடியாது. வெறும் எழுத்து, அர்த்தம் கிடையாது, கோர்வை கிடையாது. மனுஷ மூளை அதைப் பிடிச்சு வைக்காது. அது விஞ்ஞானம்."

இருபத்திரெண்டு வருஷத்து விஞ்ஞானம் அன்றைக்குத் தவறான ஆளிடம் வந்து மோதியது. மகளின் கண்ணைப் பற்றிப் பேச வந்த தங்கச்சாமிக்கு, இப்போது தன் பயிற்சி முகாமின் மானம் போவதாகப் பட்டது.

"முடியாதா சார்?"

"முடியாது."

தங்கச்சாமி அபௌட் டர்ன் அடித்தார். டாக்டருக்கும் சுவரில் மாட்டியிருந்த அட்டைக்கும் முதுகைக் காட்டி, வாசலில் கிடந்த நாயைப் பார்த்தபடி, நெஞ்சை நிமிர்த்தி, பதினொரு வரியையும் பரேடு மைதானத்துக் குரலில் சொன்னார். முடித்துவிட்டு, கேட்காமலேயே கடைசியிலிருந்து முதல் வரைக்கும் திருப்பிச் சொன்னார். காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். கம்பவுண்டர் மருந்துச் சீட்டை நழுவவிட்டார்.

"எங்க தெருவுல முப்பத்தஞ்சு பேரு சார்" என்றார், திரும்பி நின்று. "அம்புட்டுப் பேரும் சொல்லுவான். ஒருத்தன் கூட மெடிக்கல்ல திரும்பினது கிடையாது."

டாக்டர் அட்டையைப் பார்த்தார். அதே அட்டையை நம்பி எத்தனை பச்சைக் கையெழுத்து போட்டிருக்கிறோம் என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடி, பாதியில் நின்றது. இந்த ஆளை இனி வாசலுக்கு வெளியே அனுப்பினால், டாக்டர் ஏமாந்த கதை மூன்று பஸ்ஸிலும் ஏறிப் போய்விடும். மேசை இழுப்பறையைத் திறந்து வேறொரு அட்டையை எடுத்தார். அதில் ஈ என்கிற ஒரே எழுத்துத்தான், முப்பது தடவை. மேலே பார்த்து, கீழே பார்த்து, இடம் வலம் பார்த்துக் கலைந்து கிடந்தது. எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலை நீட்டிக் காட்டவேண்டும்.

"இது படிப்பறிவு இல்லாதவங்களுக்கு உள்ளது" என்றார்.

"அவ பி.ஏ. படிக்கா சார்" என்றார் தங்கச்சாமி, மனம் நொந்து.

"நீங்க பேசப்படாது. செருமவும் கூடாது."

அட்டையைக் கம்பவுண்டர் இருபதடி தள்ளிப் பிடித்தார். வெள்ளத்தாய் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்மா?"

"தெரியலை சார்."

அறையில் யாரும் எதுவும் செய்யவில்லை. கூரை இடியவில்லை. எந்த சார்ஜெண்டும் வந்து வரிசையை விட்டு வெளியே தள்ளவில்லை. அந்த வார்த்தை அவ்வளவு லேசாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதே இல்லை. இன்னொரு தடவை சொல்ல ஆசையாக இருந்தது.

"இது?"

"தெரியலை சார்."

டாக்டர் அவளை எழுந்து நடக்கச் சொன்னார். தெரிகிற இடத்தில் நிற்கவேண்டும். தங்கச்சாமி பழக்கத்தில் மனசுக்குள் அடியை எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து. அவள் நிற்கவில்லை. எட்டு. நிற்கவில்லை. கம்பவுண்டரின் சட்டைப் பொத்தானை மோதிவிடுவாள் போல இருந்த இடத்தில் நின்று, உச்சியில் இருந்த பெரிய எழுத்துக்கு மட்டும் விரலை நீட்டினாள். சரியாகச் சொன்னாள். அதற்குக் கீழே இருந்ததைப் பார்க்க இன்னும் அரை அடி எடுத்து வைத்தாள்.

தங்கச்சாமி எண்ணுவதை விட்டுவிட்டார். மெடல்களில் ஒன்றை விரலால் திருகிக்கொண்டே நின்றார்.

டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்து இருபது நிமிஷம் பார்த்தார். அவர் வேலை தெரிந்தவர் என்பதை மறைக்க இத்தனை நாள் எவ்வளவோ பாடுபட்டிருந்தார். அன்றைக்கு வேறு வழியில்லை. நரம்பில் பிறவிக்கோளாறு, கண்ணாடிக்குக் கட்டுப்படாது, எழுபத்தைந்து சதவீதம் என்றார். பிறகு பேனாவைத் திறந்து, மூடி, திறந்தார். சரித்திரத்தில் இல்லாத காரியம். பழைய சான்றிதழைப் பிழை என்று எழுத அவர் கை மறுத்தது. யோசித்து, யோசித்து, கடைசியில் கம்பவுண்டர் எழுதிக்கொள்ளும்படி நிதானமாகச் சொன்னார்:

"முந்தைய பரிசோதனையின்போது விண்ணப்பதாரரும் அவரைச் சார்ந்தோரும் காட்டிய மிகையான ஒத்துழைப்பின் காரணமாக, அன்று வழங்கப்பட்ட சான்று செல்லாததாகிறது. மறுபரிசோதனையின்படி..."

சொல்லி முடித்ததும் அவருக்கே அந்த வாக்கியம் பிடித்துப்போயிற்று. ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வெல்வெட் பெட்டி திறந்தது. சீல் விழுந்தது.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வத்திராயிருப்பு பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு தங்கச்சாமி கேட்டார்.

"எம்புட்டு வருஷமாட்டி இப்படி?"

"பொறந்ததுல இருந்துப்பா."

"சொல்லியிருக்கலாம்ல."

"அட்டையைச் சொல்லுன்னு கேட்டீக, சொன்னேன். தெரியுதான்னு யாரும் கேக்கலியே."

கிருஷ்ணன்கோயில் தாண்டியதும், "வெளிய இருட்டுக் கட்டுது. எறங்கும்போது என் தோளைப் பிடிச்சுக்க" என்றார். பிறகு, "வேணும்னா" என்று சேர்த்துக்கொண்டார்.

இருபதாம் தேதிக்கு மூன்று நாள் முன்பாகவே காகிதம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. அந்த வாக்கியத்தைப் படித்து யாராவது சந்தேகப்படுவார்களோ என்று வெள்ளத்தாய் பயந்தாள். "அங்க யாரும்மா படிக்கப் போறா? சீல் வட்டமா இருக்கான்னு பாப்பாங்க" என்றார் ஜெயபாய் மிஸ். வட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. சமுத்திரமும் சும்மா இருக்கவில்லை. வேறொரு ஊரில் நடந்த முகாமுக்குப் போய், படிக்கட்டின் அடியிலேயே உட்கார்ந்துகொண்டு, டாக்டர் இறங்கி வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டான். ஐம்பத்தைந்து கிடைத்தது.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை. சொல்வதை எழுதுவதற்கு ப்ளஸ் ஒன் படிக்கிற ஞானபாக்கியம் என்ற பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். எழுதுகிறவர் வரலாறு தெரியாதவராக இருக்கவேண்டும் என்பது விதி. ஞானபாக்கியம் அந்தத் தகுதியில் குறை வைக்கவில்லை. அக்பரையும் பாபரையும் அண்ணன் தம்பி என்று நினைத்திருந்தாள். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கேள்வித்தாளை அவள் வாசித்தபோது நான்கு நிமிஷம்தான் ஆயிற்று. வெள்ளத்தாய் ஒரு முறை சன்னமாகச் சிரித்துவிட்டு, முதல் கேள்விக்குப் பதிலைச் சொல்ல ஆரம்பித்தாள்.

கடைசி நாள், கடைசிப் பேப்பரில், மூன்று மணி நேரம் முடிந்ததும் மற்றவர்கள் எழுந்து போனார்கள். அறையில் அவளும் ஞானபாக்கியமும், கொட்டாவியை மறைக்காத ஒரு கண்காணிப்பாளரும் மட்டும். வெளியே வேப்பமரத்தடியில் தங்கச்சாமி நின்றுகொண்டிருந்தார். மெடல் எதுவும் இல்லை, தோளில் வெறும் துண்டு.

கடைசிக் கேள்வியின் கடைசி வரியைச் சொல்லி முடித்து, ஞானபாக்கியம் அதற்குக் கீழே கோடு போட்டபோது, கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கும்மா. பேப்பரைக் குடுத்துட்டுக் கிளம்பறீங்களா?"

பரீட்சை அறையில் மிச்ச நேரம் என்ற ஒன்றை வெள்ளத்தாய் அதுவரை கண்டதில்லை. பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

"இருக்கட்டும் சார்" என்றாள். "நேரம் முடியட்டும். சும்மா உக்காந்துட்டுப் போறேன்."